பெரட்டுக் களத்து வெண்திரை

ஒவ்வொரு தோட்டத்திலும் விடியுமுன் பெயர் கூப்பிடும் இடம் ஒன்று இருந்தது. பெரட்டுக் களம் என்று அதற்குப் பெயர். லாபுவிலும் ரந்தாவிலும் லிங்கியிலும் பகாவிலும், நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்க் காடுகளின் நடுவே, இருள் கலையாத வேளையில் ஆணும் பெண்ணும் தலையில் துணி சுற்றி, கையில் வாளி தூக்கி, அங்கே வரிசையாக வந்து நின்றனர். கிராணியார் பேரேட்டைப் பிரிப்பார். தண்டல் பெயர்களைக் கூவுவார். குரல் கொடுத்தவர் அன்றைய கூலிக்கு உரியவர், குரல் கொடாதவர் உரியவர் அல்லர். முந்திய இரவு குழந்தைக்குக் காய்ச்சலாக இருந்ததா, ஊரிலிருந்து துயரக் கடிதம் வந்ததா என்பனவெல்லாம் அந்த ஏட்டில் ஏறுவதில்லை. நிரையில் நிற்கும் மரங்களைப் போலவே மனிதரும் அங்கே ஓர் எண்ணிக்கை.

அதே களத்தில் மாதத்தில் ஓர் இரவு இரண்டு கம்பங்களுக்கு இடையே வெள்ளைத் துணி கட்டப்படும். சம்பளம் போட்டதற்கு அடுத்து வரும் சனிக்கிழமையாக அது அமைந்துவிட்டால் தோட்டமே திருவிழாக் கோலம் கொள்ளும். மாலை நான்கு மணிக்கே பிள்ளைகள் பாயும் சாக்கும் கொண்டுவந்து விரித்து இடம் பிடிப்பர். ஒரு பாய்க்கும் மறு பாய்க்கும் இடையே எல்லைத் தகராறு எழும். வயதில் மூத்தவர் ஒருவர் வந்து தீர்த்து வைப்பார். கடலை விற்பவர் சைக்கிளில் வந்து சேர்வார். 16 மி.மீ. படக்கருவி மேசைமேல் ஏறியதும் அதன் ஒளிக்கற்றையில் விரல்களை நீட்டி மான் காட்டுவதும் நாய் காட்டுவதும் சிறுவர்க்கு முதற்படம். முன்னே இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னே சென்று அமர்வர். அவர்களுக்கு எழுத்துகள் இடவலமாக மாறித் தெரியும். கதைத்தலைவன் இடக்கையால் வாள் சுழற்றுவான். ஆயினும் நகைச்சுவைக் காட்சி வந்தால் துணியின் இருபுறமிருந்தும் ஒரே நொடியில் சிரிப்பு எழும்.

காலையில் எண்ணிக்கையாக நின்றவர்கள் இரவில் அதே மண்ணில் அமர்ந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மெய்யான மகிழ்ச்சியா, அல்லது மகிழ்ச்சி போல் வேடம் புனைந்த மயக்கமா?

இவ்வினாவை எழுப்பியவர்கள் உழைக்கும் மக்கள்பால் அன்பில்லாதவர்கள் அல்லர். தமிழாசிரியர்கள் எழுப்பினர், சீர்திருத்தம் பேசியவர்கள் எழுப்பினர், தொழிற்சங்க மேடைகளில் முழங்கியவர்களும் எழுப்பினர். கள்ளுக்கடை உடலுக்குச் செய்வதைப் படக்காட்சி உள்ளத்துக்குச் செய்கிறது என்பது அவர்கள் கட்சி. கூரை ஒழுகும் லயத்து வீட்டில் வாழ்பவன் திரையில் மாளிகையைக் கண்டு களித்தால், ஒழுகும் கூரையை மறந்துவிடுவான். மறந்தவன் கேட்க மாட்டான். கேட்காதவனுக்கு எதுவும் கிடைக்காது. திருக்குறளின் ஓர் அதிகாரத்தைக்கூட ஒப்பிக்கத் தெரியாத பிள்ளை முழுநீளத் திரை வசனத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும்போது, எந்த ஆசிரியருக்குத்தான் நெஞ்சு வேகாது? (அப்பிள்ளையின் நினைவாற்றலையும் உச்சரிப்பையும் பாராட்டிவிட்டுப் பின்னர் வருந்தியிருக்கலாம் என்பது வேறு.) இக்கட்சியை எளிதில் தள்ளிவிட இயலாது. இதற்கு வலுவூட்டும் சான்றுகள் மலாயாவின் வரலாற்றிலேயே உண்டு; அவற்றுள் ஒன்று மிகக் கொடியது.

சான்றுகளுக்குச் செல்லுமுன், மகிழ்ச்சி என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்ப்பது நலம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். அவ்வெட்டில் நகையும் உண்டு, உவகையும் உண்டு. இரண்டையும் அவர் ஒன்றாக்கவில்லை. மாணவர்கள் பட்டியலாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடந்து செல்லும் இவ்விடத்தில் ஓர் ஆழ்ந்த கருத்து அடங்கியுள்ளது. நகைக்குரிய நிலைக்களன்களாக அவர் கூறுவன எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு. உவகைக்கு உரியனவாகக் கூறுவன செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கு. எள்ளல் நகையின் பட்டியலில் முதலில் நிற்கிறது. உவகையின் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. ஆகவே சிரிப்பவர் எல்லாரும் உவக்கிறார் என்பதற்கில்லை. வாய்விட்டுச் சிரித்தும் உள்ளத்தில் உவகையின்றி இருக்க முடியும். கண்ணீர் வடிய உவகையில் திளைக்கவும் முடியும். உவகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகிய புலன் என்பதற்கு அறிவுடைமை என்று உரை கண்டவர்கள் உண்டு. ஒன்றைப் புதிதாக அறிந்துகொண்ட கணத்தில் முகம் மலர்கிறதே, அதுவும் உவகையே. விளையாட்டைச் சொல்லவே வேண்டியதில்லை. அது தனித்து இருப்பவனுக்கு எளிதில் வாய்ப்பதன்று.

மற்றொன்றும் இளம்பூரணர் உரையால் விளங்குகிறது. சுவை என்பது நடிப்பவனிடத்திலேயே நின்றுவிடுவதில்லை. காண்பவனைச் சென்று சேர்ந்து, அவன் மெய்யில் வெளிப்பட்டால்தான் மெய்ப்பாடு நிறைவேறும். பழைய கூத்து நூலாகிய செயிற்றியத்தையே இக்கருத்துக்கு அவர் சான்றாக்குகிறார். அவ்வாறாயின், ஒரு திரைப்படத்தின் மகிழ்ச்சி மெய்யா பொய்யா என்பதைத் திரையை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிக்க முடியாது. திரைக்கு எதிரே பாயில் அமர்ந்திருப்பவரையும், அவருக்கு அருகில் அமர்ந்திருப்பவரையும் பார்க்க வேண்டும்.

இனி, அந்தக் கொடிய சான்று. 1941 இறுதியில் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்புக்குப் பின், சயாம்–பர்மா இரயில் பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். முதலில் நல்ல கூலியும் உணவும் தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தனர். சென்றவர் திரும்பாத செய்தி பரவியதும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. அப்போது கையாளப்பட்ட சூழ்ச்சிகளுள் ஒன்று இலவசப் படக்காட்சி. கட்டணமின்றிப் படம் காட்டுவதாக அறிவித்து, கூட்டம் நிறைந்ததும் கதவுகளை அடைத்து, அகப்பட்ட ஆண்களை இரயிலேற்றினர் என்பதை அக்காலத்தைப் பற்றிய நூல்கள் குறித்து வைத்துள்ளன. மகிழ்ச்சியைத் தூண்டிற்புழுவாக ஆக்கியதற்கு இதைவிடக் கொடிய எடுத்துக்காட்டு உலகில் வேறெங்கும் உண்டா என்பது ஐயமே. இரண்டு மணி நேரம் துன்பத்தை மறக்கலாம் என்று உள்ளே நுழைந்தவன், சயாமின் மூங்கிற்காட்டில் காலராவுக்கு இரையானான்.

போர் முடிந்தது. 1946இல் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு 1960 வரை நீடித்தது. தோட்டத்து லயங்கள் பல முள்வேலிக்குள் திரட்டப்பட்டன. ஊரடங்குச் சட்டம் வந்தது. சமைத்த சோற்றை வேலைக்காட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதென்ற தடையும் பல இடங்களில் வந்தது. அந்நாளில் தகவல் இலாகாவின் பட வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. அரசாங்கம் சொல்ல விரும்பிய செய்தியைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் விளக்கவுரையுடன் அவை திரையிட்டன. மக்களோ செய்திப்படத்தைப் பொறுத்துக்கொண்டு, அடுத்து வரக்கூடிய சிரிப்புப் படத்துக்காகக் காத்திருந்தனர். வைத்தியர் கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுத்தால், மருந்தைத் துப்பிவிட்டு வெல்லத்தை மட்டும் விழுங்கும் குழந்தையின் சாமர்த்தியம் அது. பின்னாளில் தோட்ட நிருவாகங்களே படக்காட்சிக்கு உதவியதற்கும் தூய அன்பு மட்டுமே காரணம் என்று கூறுவது பேதைமை. மாதம் ஒருமுறை படம் காட்டினால் ஆள்கள் தோட்டத்திலேயே தங்குவர், பட்டணத்துக்கு ஓடார் என்னும் கணக்கும் அதில் உண்டு.

கொடுத்தவன் நோக்கம் தூயதன்று எனில், பெற்றவன் மகிழ்ச்சியும் பொய்யாகிவிடுமோ? இந்த இடத்தில்தான் கண்டனக்காரர்கள் ஒரு படியைத் தாண்டிச் சென்றுவிட்டனர். தூண்டிற்காரன் பொல்லாதவன், அதனால் மீனுக்குப் பசி இல்லை என்று ஆகிவிடாது. சூழ்ச்சிக்காரர்கள் எதை வைத்து அம்மக்களை அழைக்க முடியும் என்று எண்ணிப் படக்காட்சியைத் தேர்ந்தெடுத்தார்கள்? பொன்னையோ பதவியையோ அல்ல. பத்துப் பேரோடு அமர்ந்து சிரிக்கும் ஓர் இரவை. அந்த விருப்பம் மெய்யாக இருந்ததனால்தான் அதை வஞ்சிக்கவும் முடிந்தது. வஞ்சித்தவன் செய்த குற்றத்தை வஞ்சிக்கப்பட்டவனின் சிரிப்பின்மேல் ஏற்றுவது நீதியாகாது.

அமெரிக்காவிலும் இதே வினாவைத் திரைப்படமே எழுப்பியதுண்டு. பிரஸ்டன் ஸ்டர்ஜஸ் 1941இல் இயக்கிய 'சல்லிவனின் பயணங்கள்' என்னும் படத்தில், சிரிப்புப் படங்கள் எடுத்துப் புகழ்பெற்ற இயக்குநன் ஒருவன், ஏழைகளின் துயரைக் காட்டும் சீரிய படம் எடுக்க விரும்பி, ஏழை வேடம் பூண்டு ஊர் சுற்றுகிறான். விதியின் விளையாட்டால் உண்மையாகவே கைதியாகிறான். ஓர் இரவு கால்சங்கிலியோடு கைதிகள் ஒரு சிறு தேவாலயத்துக்கு அழைத்து வரப்படுகின்றனர். கறுப்பின மக்களின் எளிய கோயில் அது. வருகின்ற விருந்தினரைக் கண்டு விலகாதீர், உயர்ந்தவர் போல் நடவாதீர், முன்னிருக்கைகளை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று போதகர் தம் மக்களைக் கேட்டுக்கொள்கிறார். பின்னர்த் திரையில் ஒரு நாயின் கேலிச்சித்திரம் ஓடுகிறது. எல்லாரும் சிரிக்கின்றனர், இயக்குநனும் தன்னை அறியாமல் சிரித்துவிட்டு, தான் சிரிப்பதைக் கண்டு தானே வியக்கிறான். விடுதலை பெற்றபின், இனிச் சிரிப்புப் படங்களே எடுப்பேன் என்று முடிவு செய்கிறான். துன்புறுவோர் பலருக்குச் சிரிப்பு ஒன்றே உடைமை என்பது அவன் கண்ட முடிவு.

அந்த முடிவு பாதி உண்மையே. சிரித்த பின்பும் கால்சங்கிலி அங்கேதான் இருந்தது. அப்படத்தின் உயிர்நிலை இயக்குநன் செய்த முடிவில் இல்லை. அதற்குச் சற்று முன்பு, போதகர் இடம் விட்டுக்கொடுக்கச் சொன்னாரே, அங்கே உள்ளது. இழிவுபடுத்தப்பட்டவர்கள் வேறு சில இழிவுபடுத்தப்பட்டவர்களை வரவேற்று அருகில் அமர்த்தினர். அதன் பிறகே சிரிப்பு வந்தது. பெரட்டுக் களத்தில் பாய் விரித்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பாயில் நால்வர் அமர்ந்திருக்கும்போது ஐந்தாவதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தால் 'தள்ளி உட்கார்' என்ற சொல் எழும்.

மகிழ்ச்சியைத் திரையில் பிடித்துத் தந்த தமிழ்ப்படங்களுள் ஒன்று, தற்செயலாக, தோட்டத்தையே களமாகக் கொண்டது. ஸ்ரீதர் இயக்கி 1964இல் வெளிவந்த 'காதலிக்க நேரமில்லை' அது. டி. எஸ். பாலையா நடித்த விசுவநாதன் செல்வமும் தோட்டமும் உடையவர். அவருடைய தோட்டத்தில் வேலை செய்து, வேலையிலிருந்து நீக்கப்பட்ட இளைஞன், முதலாளியின் வீட்டெதிரே கூடாரமடித்து அமர்ந்து, முதலாளியைப் பெயர் சொல்லி அழைத்து, வேலை கேட்டுப் பாடி ஆடுகிறான். பட்டணத்து இரசிகனுக்கு அது ஒரு துள்ளலிசைப் பாட்டு. விசுவநாதன்–இராமமூர்த்தி இசையின் குறும்பு. அக்காட்சியைத் தோட்டத்து மக்களின் கண்கொண்டு காண வேண்டும். அவர்கள் வாழ்ந்த உலகில் தோட்டத் துரையைப் பெயர் சொல்லி அழைப்பது கனவிலும் நிகழாதது. துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது எழுதாச் சட்டம். அண்டை மாநிலமாகிய சிலாங்கூரில், 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வட்டாரத் தோட்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், சைக்கிளிலிருந்து இறங்கும் இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது என்றால், அந்த இழிவு எவ்வளவு ஆழத்தில் தைத்திருந்தது என்பது புலனாகும். கூலி உயர்வு கேட்டவர்கள், அதே மூச்சில், நிமிர்ந்து சைக்கிளோட்டும் உரிமையையும் கேட்டனர்.

அத்தகையோர் முன், வேலை இழந்தவன் ஒருவன் அழாமல், கெஞ்சாமல், காலில் விழாமல், முதலாளி வீட்டெதிரே நின்று ஆடிக்கொண்டே வேலை கேட்கிறான். முதலாளியோ செய்வதறியாது தவிக்கிறார். இங்கே எழும் சிரிப்பில் எள்ளல் சிறிதே; உவகை பெரிது. தொல்காப்பியர் சொன்ன விளையாட்டும் அதில் உண்டு, உரைகாரர் சொன்ன அறிவுடைமையும் அதில் உண்டு. துரையும் நகைப்புக்குரிய மனிதனே என்னும் அறிவு அது. மேடையில் நூறு சொற்பொழிவுகள் அதைச் சொல்லியிருக்கலாம். சொற்பொழிவு கேட்டவன் கைதட்டினான். இந்தப் பாட்டைக் கேட்டவன் சிரித்துவிட்டான். சிரித்ததனால் அவன் அடுத்த நாள் புரட்சி செய்துவிடவில்லை. ஆனால் ஒழுகும் கூரையைத் திரைப்படம் மறக்கச் செய்கிறது என்ற குற்றச்சாட்டு இந்த இடத்தில் பொருந்தவில்லை. மறக்கச் செய்வதற்கு மாறாக, அவன் நாள்தோறும் கண்டு அஞ்சிய ஒன்றையே எதிரே நிறுத்தி, அஞ்சாமல் பார்க்க வைத்தது.

அதே படத்தில் இன்னொரு காட்சி, தமிழ்த்திரையின் நகைச்சுவைச் செல்வங்களுள் தலையாயது. விசுவநாதனின் மகன் செல்லப்பா, நாகேஷ் ஏற்ற வேடம், திரைப்படம் எடுக்கப் போவதாகக் கூறித் தந்தைக்குக் கதை சொல்கிறான். பேய்க்கதை. காசில்லை, கருவியில்லை, நடிகரில்லை. குரலும் கண்ணும் கையும் மட்டும் கொண்டு அவன் சொல்லச் சொல்ல, பாலையாவின் முகம் சிறுகச் சிறுக அச்சத்தில் உறைகிறது. இக்காட்சியில் நாகேஷைப் புகழாதவர் இல்லை. ஆனால் அதைத் தாங்கி நிற்பது கேட்பவரின் முகமே. படம் பார்ப்பவனின் முகம் எப்படி இருக்கும் என்பதை அக்காட்சி படம் பிடித்துத் தந்துவிட்டது. செயிற்றியம் கூறிய இலக்கணத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் வகுப்பறையில் காட்ட இயலாது: சொல்பவனிடமிருந்து புறப்பட்டது கேட்பவனைச் சென்று சேர்ந்து, அவன் மெய்யில் ஏறி நிற்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். தமிழ்ப்படங்களின் நகைச்சுவையில் பெரும்பகுதி எள்ளலை மட்டுமே முதலாக வைத்து நடத்திய வாணிகம். கறுத்த நிறம், பருத்த உடல், திக்கும் நாக்கு, வேலைக்காரன் வாங்கும் அறை, இவற்றைக் காட்டிச் சிரிக்கச் சொன்னார்கள், மக்களும் சிரித்தார்கள். வெயிலிலும் மழையிலும் உழைத்துக் கறுத்த தாயின் மடியில் அமர்ந்து, திரையில் கறுத்த பெண் ஒருத்தியை இழித்துப் பேசும் வசனத்துக்குச் சிறுவன் சிரித்தான். தாயும் சிரித்தாள். மறுநாள் தோட்டத்துப் பள்ளியில் அந்த வசனம் ஒரு பட்டப்பெயராக முளைத்தது. அதைச் சுமந்த சிறுமி, படிப்பு முடியும்வரை அதைச் சுமந்தாள். இத்தகைய சிரிப்பை மகிழ்ச்சி என்று ஏற்க முடியாது. அருகில் அமர்ந்திருப்பவரைக் குத்திவிட்டு எழும் சிரிப்பு அது; துணிக்கு முன்னே எழுந்தாலும் பின்னே எழுந்தாலும் அதன் தன்மை மாறாது. கண்டனக்காரர்கள் மாளிகையையும் காதற்பாட்டையும் விட்டுவிட்டு இதைக் கண்டித்திருந்தால், அவர்கள் வாதம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். இரு பெரும் நடிகர்களின் பெயரால் நண்பர்கள் பேச்சு முறித்துக்கொண்டதும், சுவரொட்டியில் சாணி வீசியதும் இதன் உறவுமுறைகளே. அவற்றைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆயின் மெய்யான உவகையை மயக்கத்திலிருந்து பிரித்தறிவது எவ்வாறு? மறுநாட் காலையைப் பார்க்க வேண்டும். மயக்கம் தெளிந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு தனித்திருப்பான். படம் பார்த்தவர்களோ மறுநாள் பெரட்டு முடிந்து நிரைக்குள் நுழைந்ததும் பேசத் தொடங்கினர். ஒரு நிரையில் பால்வெட்டுபவள் கதையைத் தொடங்குவாள். அடுத்த நிரையில் இருப்பவள் திருத்துவாள். மூன்றாவது நிரையிலிருந்து ஒரு குரல் பாட்டை எடுத்துக் கொடுக்கும். படத்துக்கு வர இயலாமல் பிள்ளைக்குக் காவலிருந்தவளுக்கு, மரத்துக்கு மரம் நகர்ந்தபடியே, முழுக் கதையும் சொல்லப்பட்டுவிடும். பல சமயங்களில் இயக்குநர் எடுத்ததைவிட அவர்கள் சொன்ன கதை நன்றாக இருந்தது. பிடிக்காத முடிவை அவர்கள் மாற்றினார்கள். செல்லப்பாவின் திறம் இருந்தவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருவராவது இருந்தனர். மகிழ்ச்சி மெய்யாக இருந்தால் அது பகிரப்படாமல் ஓயாது. கொடுக்கக் கொடுக்கக் குறையாமலும் இருக்கும். கூலியைப் பற்றி அவ்வாறு சொல்ல முடியாது.

மகிழ்ச்சியைத் தூண்டுவது ஒன்று. மகிழ்ச்சியைப் படம் பிடித்து வைப்பது வேறு. இதில் தோட்டத்து மக்களுக்கு நேர்ந்த ஒரு குறையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் உடன்பிறப்பினர் கட்டணம் பெற்றுப் படங்களைத் திரையிட்டபோது, அவற்றுள் இடம்பெற்ற புகழ்பெற்ற படம் தொழிலாளரைப் பற்றியது. லியோன் நகரில் அவர்கள் நடத்திய தொழிற்சாலையின் கதவு திறக்கிறது, பெண்களும் ஆண்களும் வெளியே வருகின்றனர், சைக்கிளில் சிலர், நடுவே ஒரு நாய். ஒரு நிமிடமும் நிறையாத அப்படத்தில் கதை ஏதுமில்லை. வேலை முடிந்து வெளியேறும் மனிதரின் நடையில் இயல்பாகத் தோன்றும் விடுதலைக் களிப்பே அதன் பொருள். உலகத் திரைப்படம் தன் பிறப்பிலேயே பிடித்து வைத்தது உழைப்பாளிகளின் முகங்களை. ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டத்துப் பெண்கள், மதியம் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் வாளியை ஆட்டியபடி சிரித்துப் பேசி லயத்துக்குத் திரும்பிய நடையைக் கதைப்படமாக்க நெடுங்காலம் யாரும் முன்வரவில்லை. அவர்கள் பார்த்த படங்களில் அவர்கள் இல்லை. சென்னையின் மாளிகைகளும் தஞ்சையின் வயல்களும் இருந்தன. ரப்பர் மரம் இல்லை.

தம் முகம் இல்லாத படத்தில் அவர்கள் மகிழ்ந்ததை வியப்பு என்பதா, ஏழ்மை என்பதா? இரண்டும் என்பதே நேர்மையான விடை. 2005இல் தீபக் குமாரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' தோட்டத்து வாழ்க்கையைத் தமிழில் திரைக்குக் கொணர்ந்தது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவனின் கதையைச் சொல்லி, அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. அச்சிறுவன் திரைநாயகர்களைப் பார்த்துப் பாவனை செய்து குதிப்பதில் தங்கள் பிள்ளைப்பருவத்தைக் கண்டுகொண்டவர் பலர். அவர்கள் முகத்தில் தோன்றியது தம்மை அறிந்துகொண்டதால் வந்த உவகை. அது வந்து சேர்ந்தபோது, அதைக் காண வேண்டியவர்களுள் பெரும்பாலோர் மறைந்துவிட்டனர். ரப்பர் மரங்களும் மறைந்துகொண்டிருந்தன. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை. செம்பனை நின்ற இடத்தில் நீலாயிலும் செண்டாயானிலும் புதிய நகர்கள்.

காட்சி முறையும் மாறிற்று. 1963இல், வியப்பாக, அதே டிசம்பர் 28ஆம் நாள், மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. சில ஆண்டுகளில் தோட்டத்தில் ஓரிரு வீடுகளில் பெட்டி வந்தது; தமிழ்ப்படம் ஒளிபரப்பாகும் நாளில் அவ்வீட்டுத் திண்ணையும் சன்னலும் நிறைந்தன. எல்லார் வீட்டிலும் பெட்டி வந்தபோது திண்ணைகள் காலியாயின. ஒளிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது. இன்று ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் ஒரு திரை உள்ளது. படங்கள் மிகுந்துவிட்டன, இடவலமாகப் பார்க்க வேண்டிய நிலை யாருக்கும் இல்லை. ஒரே வீட்டில் நால்வர் நான்கு திரைகளில் தனித்தனியே சிரிக்கும்போது, ஒருவர் சிரிப்பு மற்றவருக்கு இரைச்சலாகிவிடுகிறது. பழமையைப் போற்றிப் புதுமையைப் பழிக்கும் நோக்கம் இதில் இல்லை. பெரட்டுக் களத்தின் இருளும் கொசுக்கடியும் மீண்டும் வேண்டும் என்று யாரும் கேளார். அங்கே காலையில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் பெயர் கூப்பிடப்படாத வாழ்வை அடைந்தது பெரும் பேறு.

அவ்விரவுகளுள் மழை வந்த இரவுகளும் உண்டு. படம் பாதியில் நிற்கும். கருவியின்மேல் தார்ப்பாய் போர்த்தப்படும். துணி நனைந்து கம்பத்தில் ஒட்டிக்கொள்ளும். பாய்களைச் சுருட்டிக்கொண்டு அனைவரும் ரப்பர் ஸ்டோரின் தாழ்வாரத்தில் ஒதுங்குவர். ஈரமான மரத்தில் பால்வெட்ட முடியாது என்பதும், மழை விடியும்வரை நீடித்தால் மறுநாள் வேலையில்லை, கூலியுமில்லை என்பதும் அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். வானத்தைப் பார்த்த கண்களில் அந்தக் கவலை இருந்தது. அதற்கிடையே ஒரு சிறுவன் எழுந்து, நின்றுபோன இடத்திலிருந்து, நடிகரின் குரலிலேயே கதையைத் தொடர்ந்தான். அடுத்து என்ன நிகழும் என்பது அவனுக்குத் தெரியாது. அவனும் அந்தப் படத்தை அதற்குமுன் பார்த்ததில்லை. தாழ்வாரம் முழுவதும் அவன் பக்கம் திரும்பியது.